கேட்டு எழுதியது

ஜூலை 14, திங்கள்

குக்கர் இன்றும் விசில் அடிக்கவில்லை. சோறு அடிப்பிடித்துப் புகை வந்த பிறகு என் வீட்டுக்காரர் ஞானதுரை முன்னறையிலிருந்து எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். ஏழு விசில் வந்ததாம், எண்ணிக்கொண்டே இருந்தாராம். எண்ணத் தெரிந்த மனுசருக்கு எழுந்து வரத் தெரியவில்லை. நாளைக்குக் கேஸ்கெட் வாங்க வேண்டும்.

தென்காசி சாலைக் கல்லூரிக்குப் போய் முதல்வரைப் பார்த்தேன். டிசம்பரில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. மாணவர்கள் ஏஐ சாட்பாட்டைப் படிப்புக்கு எப்படி, எதனால் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் அறிக்கை வேண்டுமாம். அறுபது மாணவர்களைப் பேட்டி கண்டு நான் எழுத வேண்டும். ஆசிரியர்கள் கேட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், வெளியாள் வேண்டும் என்பது முதல்வரின் யோசனை. வேலையை மேற்பார்வை பார்ப்பவர் விலங்கியல் துறைத் தலைவர் முத்துவேலாயுதம்.

இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, யார் பெயரும் வெளியே போகாது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். சொன்னால் அது நிற்க வேண்டும். இரண்டு, நான் போனில் பதிவு செய்ய மாட்டேன். நோட்டும் சுருக்கெழுத்தும் போதும். முப்பத்திரண்டு வருடம் மாவட்ட நிருபராக இருந்ததில் என் செய்திக்கு வந்த திருத்தம் இரண்டே இரண்டு, இரண்டும் அச்சுப்பிழை. முத்துவேலாயுதம் பதிவு செய்தால் திரும்பக் கேட்க வசதி என்றார். எனக்குத் திரும்பக் கேட்பது பிடிக்காது.

ஜூலை 16, புதன்

நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மேலே கிழட்டு மின்விசிறி, தகரத்தைத் தேய்ப்பதுபோல் சத்தம். கதவோரத்துச் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டேன்.

முதல் ஆள் கணிதத்துறை சுடலைமணி. கல்லூரி கொடுத்த படிவத்தில் ஐந்து கட்டங்கள்: பயன், எளிமை, நண்பர்கள், நம்பிக்கை, வசதி. சாட்பாட்டைப் பயன்படுத்தக் காரணம் எதுவோ அதில் டிக் போட்டுவிட்டு, ஏன் என்று என்னிடம் சொல்ல வேண்டும். எளிமையில் போட்டான். ஏன் தம்பி என்றேன். ஈஸியா இருக்கு மேம் என்றான். ஏன் ஈஸியாக இருக்கிறது என்றேன். எளிமையா இருக்குல்லா மேம் என்றான். இருபது நிமிடம் இப்படிப் போயிற்று. கடைசியில் வாய்க்குள் ஏதோ சொன்னான். தலையாட்டினேன். உடனே எழுந்து கதவுப் பக்கம் போனான். இன்னும் முடியவில்லை, எங்கே போகிறாய், உட்கார் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேச யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே பேசுகிறார்கள். ஆறு பேர் முடித்தேன், ஆறு பேரும் எளிமை.

ஒரு பெண் மட்டும் நினைவில் நிற்கிறாள். வீட்டில் ஒரே போன், அண்ணன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். மதிய இடைவேளையில் தோழியின் போனில் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எந்த இரண்டு என்று காலையிலிருந்தே யோசித்துப் பொறுக்கி வைப்பாளாம். அவளுக்கும் அந்த எளிமைக் கட்டம்தான் கிடைத்தது.

ஜூலை 17, வியாழன்

வாசல் மணிக்கு பேட்டரி மாற்றினேன். இந்த மாதத்தில் இரண்டாவது தடவை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று விடுதி மாணவர்கள். அரை மணி நேரம் வீணாகப் போனது.

பொருளியல் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், பாடத்தில் சந்தேகம் வந்தால் அண்ணாச்சியிடம் கேட்போம் என்றான். எந்த அண்ணாச்சி என்றதற்கு, நம்ம அண்ணாச்சிதான் என்றான். விடுதி வாசலில் டீக்கடை இருக்கிறது. டீக்கடைக்காரர் பொருளியல் சொல்லித்தருகிறார், நல்ல செய்தி என்று இரண்டு பக்கம் எழுதினேன். எத்தனை மணிக்குக் கடை அடைப்பார் என்று கேட்டபோதுதான் பையன் என் முகத்தையே பார்த்தான். சாட்பாட்டுக்கு விடுதியில் வைத்திருக்கும் பெயராம் அது. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாமல் எடுத்துக் கொடுப்பதால் அண்ணாச்சி.

“இல்லாத சரக்கயும் குடுத்துருவாரு மேம்” என்றான். “போன மாசம் ஒரு புத்தகத்துப் பேர் குடுத்தாரு. லைப்ரரில போய்க் கேட்டா, அப்படி ஒரு புத்தகம் உலகத்துலயே கெடயாதாம்.”

தெரிந்துமா அவரிடமே போகிறீர்கள் என்றேன். நோட்ஸ் கொடுக்கும் சீனியர்கள் ஆள் பார்த்துக் கொடுப்பார்கள், அண்ணாச்சி ஆள் பார்க்க மாட்டார் என்றான். இதைக் குறித்துக்கொண்டேன். எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வணிகவியல் மாணவி ஒருத்தி சொன்னாள்: ஒப்படைப்புக்கான கேள்விகளை சார் ஏஐயிடம் வாங்குகிறார், பதிலை நாங்கள் ஏஐயிடம் வாங்குகிறோம், நடுவில் நாங்கள் இரண்டு தரப்பும் பிரிண்ட் எடுக்கிற வேலையை மட்டும் பார்க்கிறோம். எப்படித் தெரியும் என்றேன். கேள்வித்தாளின் அடியில் ‘இன்னும் பத்துக் கேள்விகள் வேண்டுமா?’ என்று ஆங்கிலத்தில் இருந்ததாம், சார் அழிக்க மறந்துவிட்டார். இந்தப் பெண் நல்ல கணீரென்ற குரல். எல்லோரும் இப்படிப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

சாட்பாட்டை நானும் பார்த்துவைக்க வேண்டும் என்று மதியம் போனில் இறக்கினேன். குக்கர் விசில் சத்தம் குறையக் காரணம் என்ன என்று தட்டினேன். கேஸ்கெட், அடைப்பு, வெயிட் தேய்மானம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் வீட்டில் மற்றவர்களுக்கு விசில் கேட்கிறதா என்று கேட்டது. மூடிவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்கிற புத்தி இதற்கும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் பேசுவது வசதி. வாய்க்குள் முணுமுணுக்காது.

ஜூலை 28, திங்கள்

கடைக்காரர் குக்கரைத் தண்ணீர் ஊற்றிக் கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே அடிக்கிறது அக்கா என்கிறார். புது வெயிட்டும் மூன்றாவது கேஸ்கெட்டும் வாங்கி வந்தேன். ஞானதுரை வழக்கமான பேச்சை எடுத்தார். வண்ணார்பேட்டையில் நல்ல டாக்டர் இருக்கிறாராம். டிவியைச் சன்னமாக வைத்துக்கொண்டு மனைவிக்கு டாக்டர் தேடுகிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு நேற்றோடு முடிந்தது. இன்று நாற்பத்தொன்றாவது ஆள், விலங்கியல் இரண்டாம் ஆண்டு இசக்கிதேவி. சுரண்டைக்குப் பக்கத்திலிருந்து வருகிறாள். இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரம். அம்மா பீடி சுற்றுகிறார். பிளஸ் டூ வரை தமிழ் வழி.

ரொம்ப மெல்லிய குரல். சன்னலுக்கு வெளியே புல் வெட்டும் இயந்திரம் வேறு. நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

படிவத்தைப் பார்த்தவள் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. இதில் இல்லை மேம் என்றாள். பிறகு சொன்னாள். முதலாண்டில் வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். பாடம் நடத்திய சார், இது பிளஸ் ஒன் பாடம், இதுகூடத் தெரியாமலா சீட் வாங்கினாய் என்றிருக்கிறார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ‘பிளஸ் ஒன்’. கல்லூரியில் டிபன் பாத்திரம் கழுவும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில், எங்கேயும் பிளஸ் ஒன். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. எந்த சார் என்று நான் விசாரிக்கவில்லை.

“அது இதுகூடத் தெரியாதான்னு கேக்காது மேம். பத்து மட்டம் கேட்டாலும் மொத மட்டம் மாதிரியே சொல்லும்.”

மட்டம் என்றால் தடவை. இந்த வாக்கியத்துக்காகவே இன்றைய வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். இதுவரை நாற்பது பேரிடம் பிடுங்கியும் வராத பதில்.

தேர்வு எப்படி எழுதினாய் என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காதைத் தொட்டுக் காட்டினாள். நோட்டில் இருக்கிறது: இன்டர்னல் – அதை – கேட்டு – எழுதி. சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள். தேர்வறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டதா? ஆனால் என் வேலை தீர்ப்பு சொல்வதல்ல. சொன்னதை எழுதுவேன், பெயரை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூக்குக் கண்ணாடியைக் குளியலறையில் தேடி, குளிர்சாதனப் பெட்டியில் எடுத்தேன். ஞானதுரை மூன்று தடவை சொன்னாராம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதல் வரைவைக் கொடுத்துவிட்டேன். முப்பத்தெட்டுப் பக்கம். பதினேழாம் பக்கத்தில் நாற்பத்தொன்றாம் எண் மாணவி: பத்து மட்டம் வாக்கியமும் இருக்கிறது, உள்மதிப்பீட்டுத் தேர்வை அதனிடம் கேட்டு எழுதியதாகக் காதைத் தொட்டுக்காட்டிச் சிரித்தபடி சொன்னதும் இருக்கிறது. பெயர் இல்லை, துறை இல்லை, ஊர் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரைவைப் பற்றிப் பேசக் கூட்டினார்கள். முதல்வர் அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருக்கிறது. மேசை ஒரு பஸ் நீளம். அந்தக் கோடியில் முத்துவேலாயுதம், இந்தக் கோடியில் நான். மனுசர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். ஒன்றரை மணி நேரம். கட்டங்களுக்குச் சதவீதம் போடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது மட்டும் புரிந்தது. அறுபதில் நாற்பத்தேழு பேர் எளிமையில் டிக் போட்டதற்குக் காரணம், அது ஒன்றுதான் அவமானமில்லாத கட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குக் கட்டம் உண்டா என்றார் முதல்வர்.

கிளம்பும் நேரத்தில் முத்துவேலாயுதம் வாசல் வரை வந்து பதினேழாம் பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். நல்ல பக்கம் என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். மரியாதைக்காரர்தான், குரல்தான் வெளியே வருவதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கொதிக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்வார்களா?

இசக்கிதேவிக்கு உள்மதிப்பீட்டில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. தேர்வறையில் இயர்போன் வைத்திருந்தது நிரூபணமானால் இந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. அந்தக் கணீர்க் குரல் வணிகவியல் பெண் நூலக வாசலில் மறித்துச் சொன்னாள். அவள் கேட்டாள்: பெயர் சொல்ல மாட்டீர்கள் என்றீர்களே மேம்? நான் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்று யார் என்று யார் காட்டிக்கொடுத்தது? என் நோட்டு வீட்டில் பூட்டியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு காவல்துறைக் கண்காணிப்பாளர் மேசையைத் தட்டியும் ஓர் ஆளின் பெயரை நான் சொன்னதில்லை. இந்தக் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு மாதம் பொறுக்கவில்லை. முத்துவேலாயுதத்துக்கு அலைபேசியில் நாலு வரி காரமாக எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை 9.10க்குப் பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“வணக்கம் மேடம். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. வியாழக்கிழமை வாசலில் வைத்து, பேருந்தில் வரும் எங்கள் துறை இசக்கிதேவிதானே இது என்று தங்களிடமே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினீர்கள். தாங்களே உறுதிசெய்த பிறகு நடவடிக்கை எடுக்காமல் இருக்க முடியவில்லை.”

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, கல்லூரி விடுமுறை. தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். ஞானதுரை காதைப் பொத்திக்கொண்டு சன்னலை அடைத்தார். எனக்கு அது ஒன்றும் பெரிய சத்தமாகத் தெரியவில்லை.

நோட்டை எடுத்து நாற்பத்தொன்றைப் படித்தேன். சுருக்கெழுத்தில் வினைச்சொல்லின் தலையை எழுதிவிட்டு வாலை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ‘கேட்டு’, ‘எழுதி’ என்ற தலைகள் இருக்கின்றன. வால் என் நினைவில் இல்லை. மறந்துபோகவில்லை, அது வரவே இல்லை. புல் வெட்டும் இயந்திரம் ஓடியது. இன்னொரு தடவை சொல் என்று நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை எழுதப் பேனாவைப் பிடித்து இருபது நிமிடம் ஆகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாலை 4.40. கல்லூரி எதிரே பஸ் நிறுத்தம். இசக்கிதேவி என்னைப் பார்த்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். நானும் போனேன். அவள் போகவேண்டிய பஸ் வந்தது, ஏறவில்லை. போகட்டும் என்று நின்றாள். அதை என்னோடு பேச நின்றதாக எடுத்துக்கொண்டேன்.

அவள் பேச ஆரம்பித்ததும் லாரி ஒன்று ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் உதடு அசைகிறது. வழக்கப்படி என் தலை தானாக அசையத் தொடங்கியது. கழுத்தை நிறுத்தினேன்.

“எனக்குக் காது சரியாக் கேக்காதும்மா. அன்னைக்கும் கேக்கல. திரும்பச் சொல்லு” என்றேன்.

இதை ஞானதுரையிடம்கூட நான் சொன்னதில்லை. பஸ் நிறுத்தத்தில் நிலக்கடலை விற்பவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் சொன்னாள். பாதிதான் வந்தது. இன்னொரு தடவை என்றேன். சொன்னாள். கடைசிச் சொல் மட்டும் என்றேன். நோட்டை வாங்கி எழுதிக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கிட்டே வந்து, என் காதுக்குள் கத்தாமல், முகத்துக்கு நேரே நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நான்கு தடவை. நான்காவது தடவையும் முதல் தடவை மாதிரியே இருந்தது.

“இன்டர்னலுக்கு முந்தின வாரம் பூரா, பஸ்ல அதக் கேட்டுக்கிட்டே வந்து, வீட்டுல எழுதிப் பாத்தேன் மேம்.”

பஸ்ஸில் புத்தகத்தைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதனால் பாடப் பக்கத்தைப் படம் பிடித்து, தமிழில் விளக்கச் சொல்லி, அதை வாசிக்கவிட்டு, இயர்போனில் கேட்டுக்கொண்டு வருகிறாள். போக ஒன்றே முக்கால், வர ஒன்றே முக்கால். வீட்டுக்குப் போய், கேட்டதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறாள். தப்பை அதனிடமே காட்டித் திருத்திக்கொள்கிறாள். தேர்வறைக்குள் அவளிடம் போனே கிடையாது, வாசலில் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். காதைத் தொட்டுக் காட்டியது இயர்போனுக்கு. சிரித்தது, அந்தத் தடவை கேள்வித்தாளைப் பார்த்தபோது முதன்முறையாகப் பயம் வரவில்லை என்று சொல்லித்தான்.

கேட்டு எழுதினேன். நான் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலுக்கே அதுதான் பெயர். விசாரிப்பதற்கும் கேட்பது என்கிறோம், காதில் வாங்குவதற்கும் கேட்பது என்கிறோம். முதலாவதை மட்டும் செய்துகொண்டு இரண்டாவதும் நடப்பதாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை நாளாக என்று கணக்குப் பார்க்கவில்லை. குக்கர் இரண்டு வருடமாகத்தான் மக்கர்.

விசாரணையில் இதை நீயே ஏன் சொல்லக்கூடாது என்றேன். திங்கட்கிழமையே துறையில் நிற்கவைத்துக் கேட்டார்களாம், பயத்தில் வாய் வரவில்லையாம். கேட்டவர் முத்துவேலாயுதம். முதலாண்டில் பிளஸ் ஒன் என்று சொன்னதும் அவர்தான். பதினேழாம் பக்கத்தில் ‘இதுகூடத் தெரியாதா’வைப் படித்ததுமே ஆள் யாரென்று ஊகித்திருப்பார்.

“ஒரு வருசம் போச்சுன்னா எங்கம்ம திரும்ப அனுப்பாது மேம். தட்ட எடுத்து மடில வச்சிரும்.”

தட்டு என்றால் பீடித்தட்டு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவளைத் திரும்பச் சொல்லவைக்கவில்லை. முதல் தடவையே விழுந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை 11 மணி, அதே அறை. முதல்வர், முத்துவேலாயுதம், ஆங்கிலத்துறை அம்மா ஒருவர். இசக்கிதேவி வெளியே பெஞ்சில். குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னேன். மேசையின் நடுவில் போய் உட்கார்ந்தேன். எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். நகல் இது:

“திருத்தம். ஆகஸ்ட் 18 அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில், தேர்வை ‘அதனிடம் கேட்டு எழுதினேன்’ என்று மாணவி கூறியதாக இருப்பது தவறு. தேர்வுக்கு முந்தைய வாரம் ‘அதைக் கேட்டுக்கொண்டே வந்து எழுதிப் பார்த்தேன்’ என்பதே அவர் சொன்னது. ஆகஸ்ட் 21 அன்று நிருபர் தலையாட்டியது கேள்வி காதில் விழாததால். அது உறுதிப்படுத்தல் அல்ல. இரண்டு தவறுக்கும் காரணம் நிருபருக்குக் காது கேட்காததும், அதை அவர் சொல்லாததும்.”

முதல்வர் நகலை வாங்கிக்கொண்டார். ஏதோ சொன்னார், எனக்கு விழவில்லை. முத்துவேலாயுதம் பேச ஆரம்பித்தார். கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தடவை என்றேன். மூன்றாம் தடவை அவர் குரல் மாறியது. மூன்றாம் தடவையில் எல்லோருக்கும் வரும் அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பயந்துதான் இரண்டு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டுப் போயிற்று. நான் நாற்காலியில்தான் இருந்தேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படியானால் மற்ற ஐம்பத்தொன்பது பேர் சொன்னதை மட்டும் எப்படி நம்புவது? நம்ப முடியாது என்றேன். அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள், முதலிலிருந்து எடுக்கிறேன், இந்த முறை பதிவு செய்கிறேன் என்றேன்.

இசக்கிதேவியைக் கூப்பிட்டார்கள். போன் வாசலில் வாங்கி வைத்ததற்குப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது. அதை இவ்வளவு நாள் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. முத்துவேலாயுதம் அத்தோடு விடவில்லை. தேர்வில் வந்த கேள்வியையே ஆங்கிலத்தில் கேட்டார். தவளையின் உருமாற்றம் பற்றியது என்று நினைக்கிறேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சார், கேள்விய இன்னொரு மட்டம் சொல்லுதீயளா?” என்றாள்.

அவர் திரும்பச் சொன்னார். அவள் பாதி ஆங்கிலம் பாதி தமிழாகப் பதில் சொன்னாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவர் மறுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. பேனாவால் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் பழைய மதிப்பெண்ணை எழுதினார். ஐம்பதுக்கு முப்பத்தாறு.

வெளியே வந்ததும் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அது சரி. நான் மாட்டிவிட்டதிலிருந்து அவளாகத்தான் மீண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஞானதுரையிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். “எனக்கும் அயன் கடைக்காரனுக்கும் தெரியும். ஒனக்கு எப்பத் தெரியும்னுதான் இருந்தோம்” என்றார். வியாழக்கிழமைக்கு வண்ணார்பேட்டையில் டோக்கன் போட்டாராம். போன மாதமே டாக்டரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். இந்த மனுசரோடு முப்பது வருடம் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

புது கேஸ்கெட் இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். வாங்கவில்லையாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இசக்கிதேவி குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். வகுப்பில் இப்போது பிளஸ் ஒன் என்று யாரும் கூப்பிடுவதில்லையாம். இயர்போன் என்கிறார்களாம். கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. அந்தப் பொம்மை உண்மையாகச் சிரிக்கிறதா என்று கேட்டு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய படிவத்தின் அடியில் ஆறாவதாக ஒரு கட்டத்தைப் பேனாவால் வரைந்து நகல் எடுத்தேன்: திரும்பத் திரும்பக் கேட்கலாம். முத்துவேலாயுதம் பார்த்தார். குழு ஏற்குமா தெரியாது என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அதே அறை. மீண்டும் ஒன்றாம் எண், சுடலைமணி. மேசையில் போன் பதிவாகிக்கொண்டிருந்தது. படிவத்தைப் பார்த்தான், ஆறாவது கட்டத்தில் டிக் போட்டான். ஏன் தம்பி என்றேன். இந்த முறை ஆறு நிமிடம் பேசினான். ஐந்து இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லவைத்தேன்.

முடிவில் வாய்க்குள் ஏதோ சொன்னான். ஜூலையில் சொன்ன அதே அசைவு.

திரும்பச் சொல்லு தம்பி, மேமுக்குக் காது கேட்காது என்றேன். தயங்கினான். இன்னொரு தடவை என்றேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

“ஒண்ணுமில்ல மேம். ஃபேனப் போடட்டுமான்னு கேட்டேன்.”